எங்கள் மாவட்டத்தில்தான் கேன்சர் சாவு அதிகமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம், இரணியல் பக்கம் எங்கள் ஊர். மூவாயிரம் பேர் இருப்போம். போன வருடம் மட்டும் ஐந்து பேர் கேன்சரில் போய்விட்டார்கள். மணவாளக்குறிச்சி மணல்தான் காரணம் என்கிறார்கள் சிலர், மீனில் கலக்கிற மருந்து என்கிறார்கள் சிலர். இந்தியக் கணக்கோடு ஒப்பிட்டால் நாங்கள் எங்கே நிற்கிறோம்?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-க்குப் போட்ட மதிப்பீட்டில், இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் கேன்சரால் இறந்தவர்கள் ஏறக்குறைய 9.16 லட்சம் பேர். மக்கள்தொகையால் வகுத்தால் லட்சம் பேருக்கு 65 வரும். மூவாயிரம் பேர் உள்ள ஊருக்கு வருடத்துக்கு இரண்டு. உங்கள் ஊரில் ஐந்து. பார்த்த உடனே வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனால் சராசரியாக இரண்டு சாவு நடக்கிற ஊரில், எந்தத் தனிக் காரணமும் இல்லாமலே, எந்த ஒரு வருடத்தை எடுத்தாலும் அதில் ஐந்தோ அதற்கு மேலோ வந்துவிட நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன, எல்லாமே உங்கள் ஊர் அளவு என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வருடமும் அறுநூறு ஊர்களுக்கு மேல் இப்படி ஒரு கெட்ட வருடம் வரும், அந்த அறுநூறு ஊரிலும் ஆளாளுக்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த வருடம் அதே ஊரில் ஒருவர்கூட இறக்காமலும் போகலாம். அதைப் பற்றி யாரும் பத்திரிகைக்கு எழுத மாட்டார்கள்!

அதனால் ஒரு வருடத்தை வைத்து எதையும் சொல்லாதீர்கள். ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். பத்து வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டோ பதின்மூன்றோ வந்தால் அது சாதாரணம், இருபத்தைந்து வந்தால் கட்டாயம் மாவட்ட சுகாதார அலுவலரிடம் மனுவோடு போக வேண்டிய விஷயம். போகும்போது யாருக்கு எந்த உறுப்பில் கேன்சர், என்ன வயது, எத்தனை வருடமாக இந்த ஊரில் குடியிருந்தார் என்று எழுதிக்கொண்டு போங்கள். ஒருவருக்கு நுரையீரல், ஒருவருக்கு மார்பகம், ஒருவருக்கு இரைப்பை என்றால் அவை வேறு வேறு நோய்கள், ஒரே காரணத்தில் கட்டிப்போட முடியாது. ஒரே வகை கேன்சர் திரும்பத் திரும்ப வந்தால்தான் விசாரிக்க ஒரு பிடி கிடைக்கும்.

அப்புறம் வயது. ஒப்பீடுகளில் பாதி இங்கேதான் கவிழ்கிறது. கேன்சர் பெரும்பாலும் வயதானவர்களைத் தாக்கும் நோய். 2021-க்கான அரசு மதிப்பீட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் இந்தியாவில் 10.1 சதவீதம், தமிழ்நாட்டில் 13.6, பக்கத்துக் கேரளத்தில் 16.5. கிழவர்கள் அதிகம் உள்ள இடத்தில் கேன்சர் சாவும் அதிகமாகத்தான் இருக்கும், தண்ணீரிலும் மண்ணிலும் ஒரு குறையும் இல்லாவிட்டாலும். அதனால்தான் புற்றுநோய்ப் பதிவேடுகள், அதாவது ஒரு பகுதியில் வரும் கேன்சரை எண்ணி வைப்பவை, 'வயதுக்குச் சமன் செய்த விகிதம்' என்று தனியாக ஒன்றைப் போடுகின்றன, எல்லா ஊரிலும் ஒரே வயது அமைப்பு இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்கிற கணக்கு. மாவட்டத்தை நாட்டோடு ஒப்பிடும் செய்தி எதிலாவது இந்த வார்த்தை இல்லை என்றால் அதைப் பாதிதான் நம்ப வேண்டும்.

மணல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடற்கரையில் இருக்கிற அதே மோனசைட் மணல்தான், அதாவது கதிர்வீச்சுள்ள தாது கலந்த மணல்தான், கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் இருக்கிறது, அங்கே இயற்கைக் கதிர்வீச்சு வழக்கத்தைவிட அதிகம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் அங்கே சுமார் 70 ஆயிரம் பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். கதிர்வீச்சு கூடக்கூட கேன்சர் கூடுவதாக அதில் தெரியவில்லை. இது கருநாகப்பள்ளி கணக்கு, உங்கள் ஊரில் எடுத்ததில்லை என்பது உண்மை. ஆனாலும் மணலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். மீன் மருந்தைப் பொறுத்தவரை, மீனில் அதைக் கலப்பது தவறு, புகார் செய்யுங்கள், ஆனால் ஒரு வருடத்தில் நடந்த ஐந்து சாவுக்கு அதைக் காரணமாகக் காட்ட இந்தக் கணக்கு போதாது.

கடைசியாக, அந்த 'இந்திய சராசரி'. நாம் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் இல்லையா? அது எண்ணிப் பார்த்த எண் இல்லை, மதிப்பீடு. 2020-ல் வந்த தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கையில் இருந்த 28 பதிவேடுகளும் சேர்ந்து நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்கைத்தான் தொடுகின்றன. அந்த அறிக்கையிலேயே ஆண்களுக்குப் புதிதாக வரும் கேன்சர், வயதுக்குச் சமன் செய்த பிறகும், மிசோரமின் ஐஸ்வாலில் லட்சத்துக்கு 269.4, மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்-பீட் பகுதியில் 39.5. ஏறக்குறைய ஏழு மடங்கு. உஸ்மானாபாதில் நோய் குறைவா, கண்டுபிடிப்பது குறைவா என்பது அந்த எண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது. சாவுக் கணக்கு இன்னும் மோசம்: 2020-ல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தது 22.5 சதவீதத்துக்குத்தான். சான்று இருந்தாலும் பல சமயம் 'இதயம் நின்றுவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். யாருக்குத்தான் கடைசியில் இதயம் நிற்கவில்லை? நன்றாக எண்ணுகிற மாவட்டம் எப்போதும் மோசமான மாவட்டம் மாதிரி தெரியும். உங்கள் பக்கத்துக்காரர்கள் பலர் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம், ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு நோயாளி குடியிருந்த ஊரை வைத்து எண்ணினால்தான் அது மாவட்டக் கணக்கு.

கேள்வி: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறைகிறது, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்கிறார்கள். குறைவது தானாகவா, நாம் ஏதாவது செய்ததாலா?
- ஒட்டன்சத்திரம் வாசகி

பதில்: இரண்டும் உண்டு. சென்னைப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நடக்கிறது, அதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பல வருடங்களாக இறங்குமுகம், மார்பகம் ஏறுமுகம். குழந்தைப்பேறு குறைந்தது, திருமண வயது கூடியது, சுத்தம், படிப்பு எல்லாம் சேர்ந்து பெரிய அளவில் பரிசோதனை இல்லாமலே ஒன்றைக் குறைத்திருக்கின்றன. அதே மாற்றங்களில் சில, முக்கியமாகக் குழந்தை தாமதமாவதும் குறைவதும், மற்றதைக் கூட்டுகின்றன.

நாம் செய்தது என்ன என்பதற்கு உங்கள் மாவட்டமே சாட்சி. 2000-த்தில் தொடங்கி திண்டுக்கல் மாவட்டத்தில், உங்களுக்குப் பக்கத்து அம்பிளிக்கை மையமும் அடையாறும் சேர்ந்து, 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருப்பது, தடவி நேரில் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள், சந்தேகம் வந்தால் அங்கேயே சிகிச்சை. மறு பாதியில் வழக்கமான கவனிப்பு. 2007-ல் வெளியான முடிவு: பரிசோதனை நடந்த பாதியில் இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைவு. பக்கத்துப் பக்கத்து ஊர்களையே ஒப்பிட்டதால் இது தேசிய சராசரியோடு ஒப்பிடுவதைவிட எவ்வளவோ கெட்டியான ஒப்பீடு. உங்கள் வீட்டில் முப்பதைத் தாண்டிய பெண்கள் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள், இலவசம்தான்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் தன் மாவட்டத்தின் கேன்சர் சாவு நாட்டு அளவைவிடக் கூடுதலா, குறைவா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்று ஒரே அட்டவணையில் காட்டினான். இங்கே ஏன் இல்லை?
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு சாவுக்கும் காரணம் எழுதிய சான்று இருக்கிறது, அதனால் முடிகிறது. ஒன்றைக் கவனித்தீர்களா? பல வருடங்களைச் சேர்த்தும் பதினாறு சாவுக்குக் குறைவாக இருந்தால் அந்த மாவட்டத்துக்கு விகிதமே போட மாட்டார்கள், கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். நம் ஊரில் அந்தக் காலிக் கட்டத்தைத்தான் வாட்ஸப்பில் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.