கார்டைக் காட்டினால் இட்லி வருமா?

போன இதழில் ஓட்டல் மெம்பர்ஷிப் பற்றி எழுதும்போது 'காலை டிபன் இலவசம்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். தங்கத் தங்கக் கிடைக்கும் பாயின்ட்டைச் சேர்த்து மாலத்தீவு போவது எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, பொங்கல் வடை யாருக்குக் கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். சரி, இந்த இதழ் முழுக்க டிபன்தான்.

கே: மேரியட் ஓட்டல்களின் மெம்பர்ஷிப்பான பான்வாயில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. ஆப்பில் என் பெயருக்குக் கீழே 'மெம்பர்' என்று காட்டுகிறது. அப்படியானால் எனக்கு டிபன் இலவசம்தானே?
— சேலம் வாசகர்

ப: இல்லை. சேருவதற்குக் காசில்லை, அவ்வளவுதான். டிபன் அதற்குப் பல படி மேலே இருக்கிறது. மேரியட்டில் ஒரு காலண்டர் வருஷத்துக்குள் 10 இரவு தங்கினால் சில்வர், 25 இரவுக்கு கோல்டு, 50 இரவுக்கு பிளாட்டினம். காலை டிபன் என்ற பேச்சே பிளாட்டினத்தில்தான் ஆரம்பிக்கிறது. கோல்டு வரை உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் கூடுதல் பாயின்ட், கொஞ்சம் நல்ல அறை, இடம் இருந்தால் மதியம் 2 மணி வரை அறையை வைத்துக்கொள்ளும் சலுகை.

பிளாட்டினம் ஆன பிறகும் டிபன் தானாக வந்து மேஜையில் உட்காராது. பல ஓட்டல்களில் அதற்கு 'வரவேற்புப் பரிசு' என்று பெயர். பாயின்ட் வேண்டுமா, டிபன் வேண்டுமா என்று செக்-இன் நேரத்தில் நீங்கள் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கேதான் ஏமாறுவோம். ராத்திரி பதினோரு மணிக்கு விமானம் இறங்கி, ஆதார் கார்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது கவுன்டரில் இருக்கிற தம்பி திரையைப் பார்த்துக்கொண்டே "பாயின்ட்ஸ் போட்டுடவா சார்?" என்பார், நாமும் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டிவிடுவோம், காலையில் இறங்கிப் போனால் ஆயிரம் பாயின்ட்டுக்கு இரண்டு பேர் டிபனைக் கொடுத்துவிட்டது தெரியவரும். ரிட்ஸ்-கார்ல்டன் மாதிரி உச்சாணி பிராண்டில் அந்தத் தேர்விலேயே டிபன் கிடையாது. விலை ஏற ஏற ஓசி குறையும், இது இந்தத் தொழிலின் விசித்திரம்.

மற்ற ஓட்டல் நிறுவனங்கள் எப்படி என்று கேட்பீர்கள். ஹயாட்டில் உச்சப்படியான குளோபலிஸ்ட் ஆக 60 இரவு வேண்டும், ஆனால் கொடுக்கும்போது கை நிறையக் கொடுக்கிறார்கள்: அறையில் பதிவான 2 பெரியவர், 2 குழந்தை வரை முழு டிபன், வரியும் சர்வீஸ் சார்ஜும் அதிலேயே அடக்கம். கிளப் லவுஞ்ச் (மேல்படி விருந்தினருக்கான தனிக் கூடம்) இருக்கிற ஓட்டலென்றால் லவுஞ்சில் சாப்பிட வேண்டும். ஹாலிடே இன், இன்டர்கான்டினென்டல் எல்லாம் வைத்திருக்கும் ஐஎச்ஜியில் டயமண்ட், அதாவது 70 இரவு. ஹில்டன்தான் இருப்பதிலேயே சுலபம். நடுப்படியான கோல்டுக்கே டிபன் உண்டு, அதற்கும் 40 இரவு என்றிருந்ததை 2026இல் 25 ஆக இறக்கிவிட்டார்கள். விதியில் 'கான்டினென்டல்' டிபன் என்றுதான் எழுதியிருக்கும், அதாவது ரொட்டி, பழம், காபி. நம் பக்கத்தில் பல இடங்களில் முழு பஃபேக்கும் விட்டுவிடுகிறார்கள், ஆனாலும் தோசைக் கல் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: நான் பிளாட்டினம். ஆனால் ஒரு டிராவல் ஆப்பில் 600 ரூபாய் குறைவாக இருந்ததால் அங்கே புக் பண்ணினேன். ஓட்டலில் கார்டு நம்பரைக் கொடுத்தும் டிபன் கிடையாது என்றுவிட்டார்கள். இது நியாயமா?
— கோவை வாசகர்

ப: விதிப்படி நியாயம், வயிற்றுப்படி அநியாயம். வேறு ஆப்பிலும் வெப்சைட்டிலும் புக் பண்ணினால் ஓட்டல் அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கிறது. அந்தக் கமிஷனை மிச்சம் பிடிக்கத்தான் இந்த மெம்பர்ஷிப்பே நடத்துகிறார்கள். அதனால் தங்கள் ஆப்பில், தங்கள் வெப்சைட்டில், தங்கள் போனில் புக் பண்ணியவர்களுக்குத்தான் இரவுக் கணக்கு, பாயின்ட், டிபன் எல்லாம். உங்கள் கணக்கைப் பாருங்கள்: டிபன் ஆளுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற ஓட்டலாக இருந்தால் உணவகத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக இரண்டு பேருக்கு 2,360. 600 ரூபாய் மிச்சம் பண்ணப் போய் 2,360 போனது. சில ஓட்டல்களில் மேனேஜர் மனம் வைத்துக் கொடுப்பதும் உண்டு. சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள், சண்டை போட்டால் கண்டிப்பாகக் கிடைக்காது.

கம்பெனி ரேட்டில் போகிறவர்கள் பயப்பட வேண்டாம், ஓட்டலோடு உங்கள் கம்பெனி நேரடியாகப் பேசி வைத்த ரேட் பெரும்பாலும் கணக்கில் சேரும். புக் பண்ணும்போதே மெம்பர் நம்பரைப் போடச் சொல்லுங்கள்.

கே: கார்டும் வேண்டாம், கோல்டும் வேண்டாம். வருஷத்துக்கு ஒருதரம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். ரூம் புக் பண்ணும்போது ஈபி, சீபி என்று ஏதோ கேட்கிறார்கள். என்ன அது?
— திருநெல்வேலி வாசகி

ப: வந்த கேள்விகளிலேயே உருப்படியான கேள்வி இதுதான் மேடம். ஈபி என்றால் அறை மட்டும். சீபி என்றால் அறையும் காலை டிபனும். எம்ஏபி என்றால் டிபனோடு இன்னொரு வேளைச் சாப்பாடு, ஏபி என்றால் மூன்று வேளையும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எப்போதோ வைத்த பெயர்களின் முதல் எழுத்துகள். நம் ஊர் ரிசப்ஷனில் இன்றைக்கும் இதுதான் பேச்சு.

வருஷத்துக்கு மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு எந்த மெம்பர்ஷிப்பும் டிபன் போடாது. உங்களுக்கு சீபிதான் கார்டு. ஈபி விலைக்கும் சீபி விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள், அதை உணவக வாசலில் தனியாகக் கொடுக்கும் காசோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் சீபிதான் மலிவு. குழந்தைகள் வயதைச் சொல்லி, எந்த வயது வரை சும்மா, எந்த வயதுக்குப் பாதி விலை என்று புக் பண்ணுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். கொடைக்கானலில் வெளியே நல்ல மெஸ் பக்கத்திலேயே இருந்தால் ஈபி போதும், சூடாகவும் கிடைக்கும். பஃபே சாம்பார் எட்டு மணிக்கு நன்றாக இருக்கும், ஒன்பதரைக்கு அந்த மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் சுண்டிச் சுண்டிக் குழம்பாகியிருக்கும், இட்லியின் மேல்தோல் காய்ந்து போயிருக்கும். தாமதமாகப் போனால் நேராக தோசை போடுகிறவரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்று. டிபன் சேர்ந்த அறை என்றாலும் சாப்பிட்டு முடித்ததும் சில இடங்களில் ஒரு பில்லை நீட்டி, "சும்மா ரெக்கார்டுக்கு மேடம்" என்று கையெழுத்துக் கேட்பார்கள். தொகை பூஜ்யமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு மலை ஊர் ஓட்டலில் நான் இரண்டு நாளும் பார்க்காமல் கிறுக்கிவிட்டு, கிளம்பும் அன்று கீழே டாக்ஸி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நான்கு டிபனுக்கான பில்லோடு கவுன்டரில் நின்றேன். உணவக வாசலில் ஒரு பெண் அறை எண்ணைக் கேட்டு ஒரு தாளில் டிக் அடிப்பார் பாருங்கள், அந்தத் தாளில் எங்கள் அறைக்கு நேரே ஈபி என்று அச்சாகியிருந்ததாம். ரிசப்ஷனில் யாரோ தப்பாக ஏற்றியது. எடுத்துவிட்டார்கள், ஆனால் அரை மணி நேரம் போனது. அதிலிருந்து முதல் நாள் காலை வாசலிலேயே அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிடுவேன், வெட்கமெல்லாம் படுவதில்லை.

கே: கிரெடிட் கார்டு வாங்கினால் ஓட்டல் அந்தஸ்து கிடைக்கும், அப்புறம் டிபன் இலவசம் என்று ஒரு ஏஜென்ட் போன் மேல் போன் போடுகிறார். வாங்கலாமா?
— சென்னை வாசகர்

ப: எந்தக் கார்டு, எந்தப் படி என்று அவரிடம் கேளுங்கள், போன் தானாக நின்றுவிடும். 2023 ஆகஸ்டில் எச்டிஎஃப்சி வங்கி மேரியட்டோடு சேர்ந்து ஒரு கார்டு கொண்டுவந்தது. அதில் கிடைப்பது சில்வர். முதல் பதிலைப் படித்தவர்களுக்குத் தெரியும், சில்வருக்கு வடை இல்லை. ஆனால் வருஷத்துக்கு 10 இரவு தங்கியதாக அதில் கணக்கு சேரும், நிஜமாகவே நிறையத் தங்குகிறவருக்கு அது ஒரு தள்ளு. அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) பிளாட்டினம் கார்டில் ஹில்டன் கோல்டு வரும், அதற்கு டிபன் உண்டுதான். ஆனால் அந்தக் கார்டின் ஆண்டுக் கட்டணம் வரியோடு 70,000 ரூபாயைத் தாண்டும். வேறு காரணத்துக்காக வாங்கினால் சரி. இட்லிக்காக என்றால், நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கே: என் மகன் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருக்கிறான். அங்கே நெடுஞ்சாலை ஓரத்துச் சின்ன ஓட்டலில் எல்லோருக்கும் டிபன் இலவசமாம், ஊர் நடுவே இருக்கிற பெரிய ஓட்டலில் காசாம். தலைகீழாக இருக்கிறதே?
— கும்பகோணம் வாசகர்

ப: தலைகீழ் இல்லை சார், யார் காசு என்பதுதான் விஷயம். பெரிய ஓட்டலில் தங்குகிறவரின் பில்லைக் கம்பெனி கட்டும், அவர் 30 டாலர் டிபனைப் பற்றிக் கவலைப்படமாட்டார். நெடுஞ்சாலை ஓட்டலில் காரை நிறுத்துகிற குடும்பம் சொந்தக் காசில் வருகிறது, ஒரு டாலர் வித்தியாசத்துக்கு எதிர்ப்பக்கத்து ஓட்டலுக்குப் போய்விடும். அதனால் அங்கே டிபன் வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. 1984இல் மெம்ஃபிஸ் நகரத்தில் முதல் ஓட்டலைத் திறந்த 'ஹாம்ப்டன் இன்' ஓட்டல்களும், பிறகு வந்த ஹாலிடே இன் எக்ஸ்பிரஸும் இப்படித்தான் பிழைக்கின்றன. கார்டும் கேட்பதில்லை, படியும் கேட்பதில்லை.

நான் போனபோது பார்த்தது: ஒரு மூலையில் வாஃபிள் என்ற கட்டம் போட்ட அப்பத்தைச் சுடும் இரும்பு அச்சு, பக்கத்தில் மாவு இறங்கும் இயந்திரம். காகிதக் கோப்பையில் மாவைப் பிடித்து ஊற்றி, மூடி, கைப்பிடியைப் பிடித்து அப்படியே திருப்பிப் போட வேண்டும், இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனால் அது கீச் கீச் என்று கத்தும். பின்னால் ஒரு பேஸ்பால் அணியே, எல்லாம் பத்து வயசுப் பையன்கள், வரிசையில் நிற்கிறார்கள், என்னுடையது ஒட்டிக்கொண்டது. ஒரு பையன்தான் முள்கரண்டியால் பெயர்த்துக் கொடுத்தான்.

பெரிய ஓட்டல் மெம்பர்களுக்கு அங்கே நிலைமை இறங்கிக்கொண்டுதான் வருகிறது. ஹில்டன் 2021 ஜூலையில் அமெரிக்காவில் மட்டும் கோல்டு, டயமண்ட் டிபனை எடுத்துவிட்டு, பிராண்டைப் பொறுத்து ஆளுக்கு 10 முதல் 25 டாலர் வரை தினசரி கிரெடிட், அதாவது ஓட்டல் சாப்பாட்டு பில்லில் கழியும் தொகை, என்று மாற்றியது. தற்காலிகம் என்றார்கள், நிலைத்துவிட்டது. டிபனுக்குத்தான் என்றில்லை, ராத்திரி பாரிலும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பெரிய ஊர்களில் அந்தக் காசுக்கு ஒரு ஆம்லெட்டும் காபியும் முழுசாக வராது, மேலே கையிலிருந்து போட வேண்டும். உங்கள் மகன் நெடுஞ்சாலை ஓரமே தங்கட்டும்.

கே: நான் ஹயாட்டில் குளோபலிஸ்ட். அப்பா அம்மாவுக்கு என் பெயரில் தனி அறை போட்டேன். அவர்களுக்கும் டிபன் கிடைக்குமா?
— பெங்களூரு வாசகர்

ப: மெம்பர் தங்கும் அறைக்குத்தான் சலுகை, எல்லா நிறுவனத்திலும் அடிப்படை இதுதான். ஹயாட்டில் மட்டும் 'கெஸ்ட் ஆஃப் ஆனர்' என்று ஒன்று உண்டு, நீங்கள் கூடப் போகாவிட்டாலும் உங்கள் சலுகைகளை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், டிபன் உட்பட. முன்பு பாயின்ட்டில் புக் பண்ணும்போதெல்லாம் இது கிடைத்தது. 2024இலிருந்து எண்ணிக் கொடுக்கிறார்கள், 40 இரவு தாண்டினால் ஒன்று வரும். கணக்கில் இருந்தால் அப்பா அம்மா அறைக்குப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு அறையை மட்டும் சீபியில் எடுங்கள்.

கே: இந்த வருஷம் 44 இரவு ஆகிவிட்டது. டிசம்பரில் சும்மா ஆறு இரவு தங்கி பிளாட்டினம் ஆகிவிடலாமா?
— ஓசூர் வாசகர்

ப: அடுத்த வருஷமும் இப்படி ஊர் ஊராகச் சுற்றப் போகிறீர்களா? ஆமாம் என்றால், இருப்பதில் மலிவான ஓட்டலில் ஆறு இரவு, 5,000 வீதம் 30,000, வரி தனி. அடுத்த வருஷம் முப்பது காலை டிபன் சாப்பிட்டால் காசு வசூல். வேலை மாறப் போகிறது, வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது என்றால் அந்த 30,000ஐ வீட்டுக்காரம்மாவிடம் கொடுங்கள், ஆறு இரவும் வீட்டில் தூங்குங்கள்.

கே: என் மாமியார் பஃபேயில் இருந்து இரண்டு வாழைப்பழமும் ஒரு மஃபினும் கைப்பையில் போட்டுக்கொள்கிறார். தப்பா?
— பெயர் வேண்டாம், திருச்சி

ப: வாழைப்பழத்தை எந்த ஓட்டலும் பார்த்தும் பார்க்காததுபோல விட்டுவிடும். மஃபினும் போகட்டும். டப்பா கொண்டுவந்து பொங்கல் கட்ட ஆரம்பித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கே: காலை ஐந்து மணிக்கு விமானம். டிபன் ஏழு மணிக்குத்தான் ஆரம்பமாம். என் சலுகை வீண்தானா?
— தூத்துக்குடி வாசகர்

ப: முந்தின நாள் சாயங்காலமே ரிசப்ஷனில் சொல்லிவைத்தால் பல ஓட்டல்களில் பார்சல் கட்டிக் கொடுப்பார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சொன்னால் சமையலறையில் ஆள் இருக்காது. வருவது ஒரு சாண்ட்விச், ஒரு ஆப்பிள், ஜூஸ் டப்பா, ஒரு துண்டு கேக். ஜூஸைக் காரிலேயே குடித்துவிடுங்கள், விமான நிலையச் சோதனையில் தகராறு வேண்டாம். இட்லி கேட்காதீர்கள், நான் ஒருதரம் கேட்டு வாங்கினேன், சாம்பார் லேப்டாப் பையில் கொட்டிவிட்டது.