கேள்வி – பதில்: பேயை எப்போது வரவிடுவது?

கேள்வி: தரம் 9 மாணவர்களிடம் திகில் சிறுகதை எழுதச் சொன்னேன். எல்லாக் கொப்பியிலும் வெள்ளைச் சேலை, இரத்தம், அலறல். கடைசி வரி, "திடுக்கிட்டு விழித்தேன், எல்லாம் கனவு." ஒன்றுகூடப் பயமூட்டவில்லை. எங்கே பிழை?
– தமிழாசிரியை, உப்புவெளி

பதில்: பேய் முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது, அதுதான் பிழை. வந்தபிறகு வாசிப்பவர் காத்திருக்க எதுவும் மிச்சமில்லை.

அடுத்தமுறை இரண்டு பாடவேளையைச் சேர்த்து 80 நிமிடம் எடுங்கள். முதல் 10 நிமிடம் பேனையைத் தொடவிடாதீர்கள். இரவில் வீட்டில் கேட்கும் சத்தங்களைச் சொல்லட்டும்: படலைக் கொளுவி, தகரத்தில் விழும் மட்டை, கிணற்றுக் கப்பி. ஆளுக்கொரு சத்தம். அதில் ஒரேயொரு விஷயம் மட்டும் பிசக வேண்டும். இரண்டு மூன்று பிசகினால் அது மாயாஜாலக் கதையாகிவிடும், பயம் போய்விடும்.

இப்படி:

"கிணற்றடியில் கப்பி கிறீச்சிட்டது. அம்மம்மா குசினிக்குள் இருக்கிறா. அப்பா கடலுக்குப் போய்விட்டார். கப்பி நின்றது. வாளியைக் கிணற்றுக்கட்டின் மேல் வைக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்."

பேயும் இல்லை, இருட்டும் இல்லை. ஆனால் அந்த வாளிச் சத்தத்துக்காக வாசிப்பவரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

பிறகு 40 நிமிடத்தில் 250 சொற்கள். "பயங்கரமான", "கோரமான", "திடீரென்று" மூன்றுக்கும் தடை. இவை இருந்தால் பிள்ளை காட்சியைக் காட்டாமல் தீர்ப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். மிச்ச 30 நிமிடம் கொப்பியை மாற்றி வாசிக்கட்டும். முடிவு பிடிபட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கோடு முதற்பாதியில் விழுந்தால், அங்கே சொன்ன தகவலைக் கீழே இறக்க வேண்டும்.

கனவு முடிவை அனுமதிக்கவே வேண்டாம். அதுவரை பயந்தது வீண் என்று வாசிப்பவரிடம் சொல்வதற்குச் சமம் அது. கடைசி மூன்று வசனங்களை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாகக் கதை அதற்கு முன்பே முடிந்திருக்கும், மிச்சம் விளக்கவுரை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியையும் யுத்தத்தையும் கண்ட கரை இது. கடல் பொங்குவதையோ ஆள் காணாமற்போவதையோ தலைப்பாகக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை தானாகவே எழுதினால், புள்ளி போடாமல் தனியாகக் கூப்பிட்டு ஆறுதலாகக் கதையுங்கள்.

கேள்வி: திருகோணமலைச் சீனக்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கிகளை வைத்துப் பேய்க்கதை எழுதலாமா?
– மாணவன், கிண்ணியா

பதில்: தாராளமாக, தம்பி. ஆனால் அங்கே நடந்த 1942 ஏப்ரல் 9 யப்பானியர் குண்டுவீச்சை ஒரு வசனத்தில் முடியுங்கள். சரித்திரப் பாடமானால் பயம் ஆறிவிடும். பாவனையில் இல்லாத தாங்கி இரும்பு, உள்ளே வெறுமை, ஆகவே குரல் சுற்றிச்சுற்றி வரும். பார்க்க அங்கே போக வேண்டாம், வெறும் தகரப் பீப்பாவுக்குள் பேசிப் பாருங்கள், அந்த முழக்கம் பிடிபடும். கதையில் உங்கள் ஆள் தன் தம்பியின் பெயரைக் கூப்பிட வாயைத் திறக்கட்டும். கூப்பிடுமுன்பே எதிரொலி வரட்டும்.