டொமைன் விற்பனை மடலில் பொருள் வரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கரூர், பெட், லினன் ஆகிய மூன்று சொற்களையும் சேர்த்து டாட் காமில் ஒரு டொமைன் பெயரை, அதாவது இணையதள முகவரியைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கு அதை விற்க எண்ணி, ‘அரிய வாய்ப்பு! உங்கள் தொழிலை உயர்த்தும் பிரீமியம் டொமைன்!!’ என்று பொருள் வரியில் (சப்ஜெக்ட்) எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. அந்த வரியை எப்படி எழுதியிருக்க வேண்டும்?
(வாசகர், கரூர்)

பதில்: தாங்கள் விற்கும் சரக்கே ஒரு பெயர்தான், அந்தப் பெயர் பொருள் வரியில் இல்லை. ஏற்றுமதி அலுவலகத்தில் காலையில் அஞ்சல் பெட்டியைத் திறப்பவர், வெளிநாட்டு வாங்குநரின் ஆர்டர், சாம்பிள் குறித்த திருத்தம், கப்பல் ஆவணம் என்று பலவற்றுக்கு நடுவே தங்கள் மடலைப் பார்க்கிறார். அனுப்பியவரின் பெயர் அவருக்கு அறிமுகமில்லாதது. ஆகவே, திறப்பதா அழிப்பதா என்பதை அந்த ஒரு வரியை வைத்தே முடிவு செய்கிறார். ‘அரிய வாய்ப்பு’ என்று தொடங்கும் மடல் கடன் தருவோரிடமிருந்தும் வரும், லாட்டரி மோசடிக்காரரிடமிருந்தும் வரும். ‘கரூர்பெட்லினன் டாட் காம் விற்பனைக்கு’ என்று இருந்தால், தம் ஊரும் தம் தொழிலும் அந்தப் பெயருக்குள் இருப்பதை அவர் கண்ட மாத்திரத்தில் அறிந்துகொள்வார். மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதும்போது ‘பொருள்: பட்டா மாறுதல் கோருதல் தொடர்பாக’ என்று எழுதுகிறோமே, அந்த வறண்ட நடைதான் இங்கும் வேண்டும்.

பெயர் வரியின் தொடக்கத்திலேயே வரட்டும். கைபேசித் திரையில் பொருள் வரியின் முதல் முப்பது, நாற்பது எழுத்துகளுக்கு மேல் பெரும்பாலும் தெரிவதில்லை. ‘தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தின் கவனத்திற்கு’ என்று தொடங்கினால் சரக்கு திரைக்கு வெளியே நின்றுவிடும். டொமைனை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக இடுங்கள். டொமைன் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது என்பதால் இணைப்புக்கு எந்தத் தீங்கும் இல்லை. சொற்கள் பிரிந்து தெரியும் நன்மை மட்டுமே உண்டு. ஆச்சரியக்குறிகள் மூன்றையும் எடுத்துவிடுங்கள். ‘பிரீமியம்’ என்பது விற்பவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் சொல். வாங்குபவருக்கு அதனால் எதுவும் விளங்குவதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். நிறுவனம் நடத்துவோருக்கு டொமைன் என்ற சொல்லைக் கண்டாலே ஐயம் எழுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘உங்கள் டொமைன் காலாவதியாகிறது’ என்று பொய்யாக எச்சரித்துப் பணம் பறிக்கும் மடல்களும், ‘உங்கள் நிறுவனப் பெயரைச் சீனாவின் டாட் சிஎன்-இல் வேறொருவர் பதிவு செய்ய முனைகிறார், உடனே பதில் தாருங்கள்’ என்று அச்சுறுத்தும் மடல்களும் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகின்றன. ஆதலால் ‘அவசரம்’, ‘இறுதி அறிவிப்பு’, ‘டொமைன் அறிவிப்பு’ போன்ற சொற்களைத் தொடவே கூடாது. ‘விற்பனைக்கு’ என்று எழுதினால் மடல் ஸ்பேமில், அதாவது வேண்டாத மடல்களின் பெட்டியில் விழும் என்று அஞ்சி, அதை விடுத்து ‘குறித்து’ என்று மழுப்புவோரும் உண்டு. நான் ‘விற்பனைக்கு’ என்று எழுதுவதையே பரிந்துரைப்பேன். இன்றைய வடிகட்டிகள் தனியொரு சொல்லைவிட, அனுப்புபவரின் நம்பகத்தன்மையையே பெரிதும் எடைபோடுகின்றன. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு மடல் அனுப்பும் எவரும் மடல் அந்த முகவரிக்கு உரியவரிடமிருந்தே வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் சான்றேனும் வைத்திருக்க வேண்டும் என்றும், ‘இது ஸ்பேம்’ என்ற புகார் விகிதம் 0.3 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் கூகுள் விதித்துள்ளது. அதாவது ஆயிரம் மடலுக்கு மூன்று புகார் வந்தாலே எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். பொருந்தாத நூறு பேருக்கு அனுப்புவதைவிட, அந்தப் பெயரால் உண்மையில் பயன்பெறக்கூடிய பத்துப் பேரைத் தேடி அனுப்புவதே அறிவு.

விற்க வைத்திருக்கும் டொமைனின் முகவரியிலிருந்தே விற்பனை மடலை அனுப்பாதீர்கள். அது, ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியலில் ஏறிவிட்டால், வாங்குபவர் தலையில் அந்தக் கறையையும் சேர்த்துக் கட்டுவதாக ஆகிவிடும்.

கேள்வி: பொருள் வரியிலேயே விலையைச் சொல்லிவிடலாமா?
(வாசகர், திருச்சி)

பதில்: விலை சில ஆயிரம் ரூபாய்க்குள் இருந்து, அதில் பேரம் இல்லை என்று தாங்களும் முடிவு செய்திருந்தால் சொல்லலாம், விரும்பாதவர் திறக்கவே மாட்டார், திறப்பவர் விலை தெரிந்தே திறப்பார், இருவர் நேரமும் மிஞ்சும். விலை இலட்சங்களில் இருந்தால் அது மடலின் உள்ளே, பெயரின் பயனை விளக்கிய பிறகு வரட்டும். சிலர் ‘வாய்ஸ் டாட் காம் 2019-இல் 3 கோடி டாலருக்கு விற்றது’ என்ற செய்தியைத் தம் பெயருக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அந்த விற்பனை நடந்தது உண்மை. ஆனால் கரூரில் விரிப்பு நெய்பவருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கேள்வி: பொருள் வரியின் முன்னால் ‘ரீ:’ என்று சேர்த்தால், ஏற்கெனவே நடந்த உரையாடல் என்று எண்ணி எல்லோரும் திறக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். நான் அமெரிக்க நிறுவனங்களுக்கு எழுதுகிறேன். இதைச் செய்யலாமா?
(வாசகர், சென்னை)

பதில்: கூடாது. திறப்பார்கள் என்பது மெய்யாகவே இருக்கட்டும்; தாம் ஏமாற்றப்பட்டதை இரண்டாவது நொடியில் அறிந்துகொண்டு, அடுத்து ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்கள். ஏமாற்றுபவர் ஒருவரிடம் பணத்தை அனுப்பி டொமைன் வாங்க யார் துணிவார்? அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டம் 2003-இல் இயற்றப்பட்டு 2004 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. மடலின் உள்ளடக்கத்தைப் பற்றித் தவறான எண்ணம் தரும் பொருள் வரியை அது தடை செய்கிறது. நிறுவனங்களுக்கு எழுதும் வணிக மடலுக்கும் அதில் விலக்கு இல்லை. அனுப்புபவரின் அஞ்சல் முகவரி மடலில் இருக்க வேண்டும், இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும், அவ்வாறு சொன்னவரின் பெயரைப் பத்து வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும் என்பனவும் அதன் விதிகள். கனடாவின் சட்டம் இன்னும் கடுமையானது. 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அச்சட்டப்படி, பெறுபவரின் ஒப்புதல் இருந்தால்தான் வணிக மடலையே அனுப்ப முடியும். தம் தளத்தில் முகவரியை வெளிப்படையாக இட்டிருப்பவரின் ஒப்புதல் சில நிபந்தனைகளோடு இருப்பதாகக் கொள்ளப்படும் என்றாலும், கனடாவுக்கு எழுதும் முன் அந்த நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: புகழ்பெற்ற துணிக்கடை ஒன்றின் பெயரோடு ‘ஆன்லைன்’ என்ற சொல்லைச் சேர்த்து டாட் இன்-இல் பதிவு செய்திருக்கிறேன். அக்கடைக்காரர்கள் மறுக்க முடியாதபடி ஒரு பொருள் வரி எழுதித் தர இயலுமா?
(வாசகர், மதுரை)

பதில்: எழுதித் தர மாட்டேன், தாங்களும் எழுத வேண்டாம். வணிகக் குறி உடையவருக்கே விற்று ஆதாயம் பார்க்கும் நோக்கத்தோடு அவர் பெயரைப் பதிவு செய்வது தீய நோக்கத்துக்குச் சான்று என்பது, உலக அளவில் டொமைன் பெயர் முறையை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 1999-இல் ஏற்ற பூசல் தீர்வுக் கொள்கையில் வெளிப்படையாகவே உள்ளது. டாட் இன் பெயர்களுக்கு அவற்றின் பதிவை நிர்வகிக்கும் நிக்ஸியின்கீழ் ஐஎன்டிஆர்பி என்ற தனிப் பூசல் தீர்வுக் கொள்கை இருக்கிறது. சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வணிகக் குறிக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் பொருந்தும் என்று கூறிவிட்டது. தாங்கள் அனுப்பும் பொருள் வரி, தேதியோடும் கையொப்பத்தோடும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் ஆவணமாகச் சேரும். நடுவர் அவர்கள் பக்கம் முடிவு செய்தால், ஒரு காசும் பெறாமல் பெயரை இழப்பீர்கள். ஊர்ப்பெயர், பண்டம், தொழில் என்று பொதுச்சொற்களால் ஆன பெயர்களோடு நிற்பதே இத்தொழிலில் நிலைக்கும் வழி. அப்படிப்பட்ட பெயரையும், அதே பெயரில் யாரேனும் வணிகக் குறி பதிந்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

கேள்வி: பொருள் வரி தமிழில் இருக்கலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: இருக்கலாம், இன்றைய மின்னஞ்சல் செயலிகள் தமிழ் எழுத்தைச் சிதைப்பதில்லை. பெறுபவரின் இணையதளம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். டொமைன் பெயரை மட்டும் அது பதிவான எழுத்திலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பதில் வராவிட்டால் பொருள் வரியை மாற்றி மீண்டும் அனுப்ப வேண்டுமா? யார் திறந்தார்கள் என்று காட்டும் சேவைகளை நம்பலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: திறப்புக் கணக்கை நம்பாதீர்கள். 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, திறப்பைக் கணக்கிட மடலில் மறைத்து வைக்கும் கண்காணிப்புப் படத்தைப் பெறுபவர் மடலைத் திறக்காதபோதும் தானாகவே இறக்கிவிடுகிறது. ஆகவே எவரும் படிக்காத மடலும் படிக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். எத்தனை பதில் வந்தது என்பதை மட்டும் எண்ணுங்கள். ஒரு வாரம் பொறுத்து, தாங்கள் முன்பு அனுப்பிய மடலுக்கே பதிலாக இரண்டு வரி எழுதுங்கள். அப்போது முன்னால் சேரும் ‘ரீ:’ நேர்மையானது. அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த நிறுவனத்தை விட்டுவிட வேண்டும்.

‘எவ்வளவு?’ என்ற ஒரே சொல்லில் பதில் வருவதும் உண்டு. அப்போது புதிய மடல் தொடங்காமல், பொருள் வரியையும் மாற்றாமல், அதே இழையில் விலையையும், பெயர் கைமாறும் வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவை வழியாகவே பணம் செல்லும் என்பதையும், பணம் அந்தச் சேவையிடம் வந்து சேர்ந்தபின், டொமைனை வாங்குபவர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளத் தேவையான மாற்றக் குறியீட்டை எத்தனை நாளில் தருவீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.