உச்ச சுரத்தை இன்னொருவர் பாடிக்கொடுத்த பிறகும் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட்டை மாபெரும் பாடகி என்பது சரியா?

சரிதான். 1952இல் ஃபுர்ட்வேங்லர் வாத்தியக் குழுவை நடத்திய, வாக்னரின் ‘டிரிஸ்டனும் இசோல்டேயும்’ ஆப்பரா (இசை நாடக) ஒலிப்பதிவில், நாயகி இசோல்டேயாகப் பாடிய நார்வேக்காரர் ஃபிளாக்ஸ்டாட்டுக்காக இரண்டாம் அங்கத்தின் உச்ச ‘சி’ சுரங்களை எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் என்ற பாடகி பாடிக்கொடுத்தார் என்ற செய்தியை மட்டும் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். செய்தி உண்மை, அதிலிருந்து நீங்கள் எட்டும் முடிவுதான் பிழை.

நான் போய்வந்துகொண்டிருந்த ரசிகர் வட்டம் ஒன்றில், காதலர் இருவரும் சந்திக்கும் அந்த இடத்தை மட்டும் ஒருவர் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, “இரவல் குரல்” என்று சிரித்தார். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பதிவில் சில நொடிகளை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. இறுதிக் காட்சியைப் போடச் சொன்னேன். வாத்தியக் குழு முழுவதும் அலையாக எழும் இடத்திலும், கத்தாமல், கீச்சிடாமல் குரல் அதன்மேல் ஏறி வருகிறது. கடைசிச் சொல்லில் ‘எஃப் ஷார்ப்’ சுரத்தைத் தணிந்து தொட்டு நீள்கிறது. அதைப் பாடியபோது அவருக்கு வயது 56. வாக்னரின் நாயகிக்கு நடுஸ்தாயியின் கனமும் கடைசி வரை தளராத மூச்சும்தான் மூலதனம். எங்கள் நண்பரோ பாதியில் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்த மூச்சு எளிதில் வந்ததன்று. 1913இல் மேடையேறியவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஸ்காண்டிநேவிய அரங்குகளிலேயே ஆப்பரெட்டாக்கள் என்னும் இலகு இசை நாடகங்களையும் இலகுவான வேடங்களையும் பாடி வந்தார். முதல் இசோல்டே 1932இல்தான், ஆஸ்லோவில். 1935 பிப்ரவரி 2 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில், வாக்னரின் இன்னொரு நாயகியான ஸீக்லின்டேயாகத் தோன்றியபோது வயது 39. அதை ‘ஒரே நாளில் வந்த புகழ்’ என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது?

1941இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்த நார்வேக்கு அவர் கணவரிடம் திரும்பியதை நான் நியாயப்படுத்துவதாக யாரும் பின்னூட்டமிட வேண்டாம். போருக்குப் பின் அமெரிக்காவில் அவருக்கு எழுந்த எதிர்ப்பையும் அறிவேன். அது வேறு விவாதம், இங்கே பேச்சு குரலைப் பற்றியது.

1958இல், 63 வயதில், ஷோல்டி நடத்திய, வாக்னரின் ‘ரைன்கோல்ட்’ ஆப்பரா பதிவில் ஃபிரிக்கா என்னும் வேடத்தைப் பாடினார். அந்த வேடத்தில் உச்ச ‘சி’யும் இல்லை, இரவலும் இல்லை. அதையாவது முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு வாதாடலாம்.