லாரிப் பட்டறையும் ரெண்டாங்கிளாஸ் பையனும்

வணக்கம் அக்கா,

நாமக்கல்ல இருந்து எழுதறேன், பேர் போட வேண்டாம். எனக்கு ரெண்டு குழந்தைங்க. பெரியவ அஞ்சாவது, அவளைப் பத்திக் கவலையே இல்லைங்க, ஸ்கூல் விட்டு வந்ததும் தானா உக்காந்து ஹோம்வொர்க் முடிச்சிருவா. சின்னவன் ரெண்டாவது, போன ஜூலைலதான் ஆறு முடிஞ்சுது. அவனாலதான் எனக்குத் தூக்கமே இல்ல. வாரத்துல ரெண்டு மூணு நாளு டைரில எழுதி விட்டுடறாங்க, எடத்துல உக்கார மாட்டேங்கறான், எழுத மாட்டேங்கறான், பக்கத்துப் பையனை நோண்டிட்டே இருக்கான்னு. போன வாரம் ஸ்கேல்ல கைல அடிச்சிருக்காங்க. வீட்ல எழுத வெச்சா ரெண்டு வரிக்குள்ள கை வலிக்குதுங்கறான், தண்ணி வேணுங்கறான், ஒன்னுக்கு வருதுங்கறான். அவங்கப்பா லாரி பாடி கட்டற பட்டறைல வேலை செய்யறாரு. லீவுல அங்க கூட்டிட்டுப் போனா மட்டும் ரெண்டு மணி நேரம் அசையாம நின்னு பாக்கறான். 'படிக்கலன்னா கடைசில இங்கதான்டா வருவே'ன்னு அவங்கப்பாவும் சொல்லிப் பாத்துட்டாரு. பக்கத்து வீட்ல, பசங்களுக்குப் படிப்பு லேட்டாத்தான் ஏறும்ங்கறாங்க. நெஜமாக்கா? டியூஷன் போடட்டுமா?

---

அன்புள்ள தங்கச்சிக்கு,

பட்டறைல ரெண்டு மணி நேரம் அசையாம நிக்கறான்னு எழுதியிருக்கீங்களே, அதை மொதல்ல எடுத்துக்கறேன். கவனமே இல்லாத பையனா இருந்தா எப்படிம்மா ரெண்டு மணி நேரம் நிப்பான்? கவனம் அவன்கிட்ட நெறையவே இருக்கு, அது எதுமேல போகுதுன்னுதான் நாம பாக்கணும், டைரில எழுதறவங்க கண்ணுக்கு அது படல, ஏன்னா அவங்க பாக்கறது பெஞ்சுல உக்காந்திருக்கற நேரத்தை மட்டும்தான்.

பசங்களுக்கு லேட்டாத்தான் ஏறும்னு பக்கத்து வீட்ல சொல்றது பாதி சரி, மீதி ரொம்பத் தப்பு. சரியானது என்னன்னா, கை. மணிக்கட்டுல எட்டு குட்டி எலும்பு இருக்கு, குழந்தை பொறக்கறப்ப எல்லாமே குருத்தெலும்புதான், ஒவ்வொன்னா எலும்பா மாறி எல்லாம் முடிய பத்து வயசு கிட்ட ஆயிடும், பொதுவா பொண்ணுங்களுக்கு இது முன்னாடியே நடந்துடும், பசங்களுக்குக் கொஞ்சம் தள்ளிப் போகும். அதனால கை வலிக்குதுன்னு அவன் சொல்றதை சாக்குன்னு நெனைக்காதீங்க, நெஜமாவே வலிக்கும். பென்சிலை எப்படிப் புடிக்கறான்னு பக்கத்துல உக்காந்து பாருங்க, நாலு விரலும் சேந்து இறுக்கிப் புடிச்சு, எழுதுன பக்கத்தைத் திருப்புனா பின்னாடி மேடா தடவிப் பாக்கற மாதிரி இருந்துச்சுன்னா அந்தக் கை ரெண்டு வரிலயே களைச்சுப் போயிரும்.

இன்னொன்னு, ஜூலைல பொறந்தவன்னு எழுதியிருக்கீங்க, அப்ப அந்தக் கிளாஸ்லயே சின்னப் பையன்கள்ல அவனும் ஒருத்தனா இருப்பான், அவனை விடப் பத்து மாசம் மூத்த பசங்களோட அவனை ஒன்னா நிக்க வெச்சு ஒப்பிட்டுட்டு இருக்காங்க. ஆறு வயசுல பத்து மாசம்ங்கறது சின்ன விஷயமே இல்ல. கனடால பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல ஒன்பது லட்சத்துக்கும் மேல பிள்ளைகளோட விவரத்தை எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2012ல வெளியிட்டாங்க, அங்க ஜனவரி டு டிசம்பர்தான் வயசுக் கணக்கு, ஒரே கிளாஸ்ல ஜனவரில பொறந்த பசங்களை விட டிசம்பர்ல பொறந்த பசங்களுக்கு 'கவனக் குறைவு நோய்'னு டாக்டருங்க முடிவு சொன்னது 30 சதவீதம் அதிகமா இருந்துச்சு. பொண்ணுங்கள்லயும் அந்த வித்தியாசம் இருந்துச்சு, அதுவும் 70 சதவீதம். கிளாஸ்லயே சின்னதா இருக்கறதையே நோய்னு நெனைச்சுட்டாங்கன்னுதான் நான் அதைப் புரிஞ்சுக்கறேன். உங்க பையனை யாராவது அந்த மாதிரி ஏதாவது பேர் சொல்லிக் கூப்பிட்டா அவன் பொறந்த மாசத்தை ஞாபகப்படுத்துங்க.

தப்பான பாதி என்னன்னா, 'பையன்தானே, தானா ஏறும்'னு விட்டுடறது. தானா ஏறாதும்மா. மூணாவது முடியறதுக்குள்ள எழுத்துக் கூட்டிப் படிக்க வரலன்னா நாலாவதுல கணக்கும் புரியாது, சமூக அறிவியலும் புரியாது, எல்லாமே படிச்சுத்தானே தெரிஞ்சுக்கணும். அப்புறம் அவன் கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்குவான், எனக்குப் படிப்பு வராதுன்னு அவனே சொல்ல ஆரம்பிச்சுடுவான். அந்த வார்த்தை அவன் வாயில வர்றதுக்கு முன்னாடியே நாம செய்யணும்.

இப்ப உங்க வீட்டுக்காரர் சொன்னதுக்கு வர்றேன், கோவிச்சுக்காதீங்க. 'படிக்கலன்னா இங்கதான் வருவே'ன்னு எல்லா அப்பாவும் சொல்றதுதான், தான் பட்ட கஷ்டம் பையன் படக் கூடாதுன்னு சொல்றது. ஆனா அந்தப் பையன் காதுல அது எப்படி விழும்னு பாருங்க. அவனுக்கு உலகத்துலயே ரொம்பப் புடிச்ச எடம் அது, அவனோட அப்பா அங்க வெறும் இரும்பையும் மரத்தையும் வெச்சு ஒரு முழு லாரியையே எழுப்பறாரு, அந்த எடத்தைத் தோத்துப்போனவங்க போற எடம்னு அப்பாவே சொல்றாரு. அப்ப புடிச்சதெல்லாம் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம்னு அவன் மனசுல கோடு விழுந்துடும். பசங்க நெறையப் பேர் படிப்பை விட்டு வெலகறது இங்கதான் ஆரம்பிக்குதுன்னு நான் உறுதியா நம்பறேன். அதனால அந்தப் பேச்சை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்திட்டுப் படிப்பைப் பட்டறைக்குள்ள கொண்டு போகச் சொல்லுங்க.

எப்படின்னு சொல்றேன். ப, ட, ம, ர, நாலே எழுத்து, எல்லாம் பெரும்பாலும் நேர்கோடு, சுழி அதிகம் இல்ல, சின்னக் கைக்குச் சுலபம். இதோட புள்ளி மட்டும் வெக்கத் தெரிஞ்சா போதும், மரம், ரம்பம், மட்டம், பட்டம், பம்பரம் எல்லாம் எழுதிடலாம். மொத மூணும் அவங்கப்பா கையில தெனமும் பொழங்கற சாமான், பின்னாடி ரெண்டும் அவன் கையில பொழங்கறது. ரெண்டாவது படிக்கிற பையனுக்கு இதெல்லாம் ஏற்கனவே தெரியும்னு நீங்க நெனைக்கலாம், பரவால்ல, தெரிஞ்சதுல இருந்து ஆரம்பிக்கட்டும், ஜெயிக்கற எடத்துல இருந்து ஆரம்பிச்சாத்தான் தோக்கற எடத்துக்கு வருவான். சாக்பீஸைக் குடுத்துத் தரையிலயும் பழைய பலகைலயும் பெருசு பெருசா எழுதச் சொல்லுங்க, தோள்ல இருந்து கை முழுக்க அசையட்டும், நின்னுக்கிட்டே எழுதட்டும். பட்டறைல பெயின்டர் பேர் எழுதறதை அவன் கட்டாயம் பாத்திருப்பான், அவர் மொதல்ல சாக்பீஸ்ல மேல ஒரு கோடு கீழ ஒரு கோடு இழுத்துட்டு அதுக்குள்ளதானே எழுத்தை நிறுத்துவாரு, அவன் ரெண்டு கோட்டு நோட்டும் அதே வேலைதான், அதை அவர் வாயாலயே அவனுக்குச் சொல்லச் சொல்லுங்க. நீங்களோ நானோ சொல்றதை விட அது ஏறும்.

கணக்குக்கு டயர் போதும். ஆறு வீல் வண்டில முன்னாடி ரெண்டு, பின்னாடி பக்கத்துக்கு ரெண்டா நாலு. பத்து வீல்ல பின்னாடி எட்டு. ஸ்டெப்னியோட சேத்தா எத்தனை, பட்டறைல மூணு ஆறு வீல் வண்டி நின்னா மொத்தம் எத்தனை டயர், அதுல ஒன்னுல ரெண்டு டயர் கழட்டிட்டா மிச்சம் எத்தனை. ஆறாம் வாய்ப்பாடு அவனுக்குப் பாதி தெரிஞ்சே இருக்கும், யாரும் கேக்கல அவ்வளவுதான். நம்பர் பிளேட்டையும் விடாதீங்க, டிஎன் 28 நம்ம நாமக்கல், 30 சேலம், 33 ஈரோடு, 47 கரூர், ரோட்டுல போற வண்டி எந்த ஊர்துன்னு அவன் சொல்லட்டும், போர்டைப் படிச்சு ஊர்ப் பேரைச் சரி பாக்கட்டும்.

இதெல்லாம் புதுசா யாரோ கண்டுபுடிச்ச வழி இல்ல. 1789ல நம்ம மெட்ராஸ்ல எழும்பூர்ல பட்டாளத்துக்காரங்க பிள்ளைகளுக்காக ஒரு ஆண்கள் விடுதிப் பள்ளி நடந்துச்சு, அதுக்கு ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார் பொறுப்பா இருந்தாரு. இங்க உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க தரையில உக்காந்து மணல்ல விரலால எழுதிப் பழகறதைப் பாத்துட்டு, நம்ம பசங்களுக்கும் அப்படியே சொல்லித் தரலாம்னாரு. அங்க இருந்த வாத்தியாருங்க அதெல்லாம் நடக்காதுன்னுட்டாங்க. அவர் என்ன பண்ணாரு, ஜான் ஃப்ரிஸ்கன்னு எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு, நீ சொல்லிக் குடுடான்னு சின்னப் பிள்ளைங்க கிளாஸை அவன்கிட்ட விட்டுட்டாரு. அந்தப் பையன் செஞ்சு காட்டிட்டான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தர்ற அந்த முறை 'மெட்ராஸ் சிஸ்டம்'ங்கற பேர்லயே இங்கிலாந்துக்குப் போச்சு. உங்களுக்கு இதுல எடுத்துக்க வேண்டியது ரெண்டு இருக்கு. ஒரு தட்டுல மணலோ ரவையோ கொட்டி விரலால எழுத விடுங்க, பென்சில் புடிக்கற வலி இல்லாம எழுத்தோட வடிவம் மட்டும் மனசுல நிக்கும். இன்னொன்னு, 'அக்காவைப் பாரு'ன்னு ஒரு தடவை கூடச் சொல்லாதீங்க, அதுக்குப் பதிலா தெருவுல யூகேஜி படிக்கற குழந்தை இருந்தா அதுக்கு இவனை வாத்தியாரா ஆக்குங்க. சொல்லிக் குடுக்கறதுக்காகவாவது எழுத்தைத் திரும்பிப் பாப்பான்.

ஸ்கூல்ல அடிச்சதைப் பத்தி. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனசு நோகற மாதிரி நடத்தவும் கூடாதுன்னு தெளிவா சொல்லுது, தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். நேர்ல போங்க, ரெண்டு பேருமா போங்க, சண்டைக்குப் போகாதீங்க, ஆனா அடிக்கக் கூடாதுங்கறதை மட்டும் தயங்காம சொல்லிடுங்க. அப்புறம் டீச்சர்கிட்ட தனியா பேசுங்க, நாப்பது பிள்ளைகளை வெச்சுக்கிட்டு அவங்களும் பாவம்தான். நோட்டு குடுக்கற வேலை, போர்டு தொடைக்கற வேலை இவனுக்குக் குடுங்கன்னு கேளுங்க, நடுவுல எந்திரிச்சு நாலு அடி நடந்தாலே அடுத்த பத்து நிமிஷம் உக்காருவான். பின்லாந்துல ஏழு வயசு ஆகற வருஷம்தான் ஒன்னாவதுலயே சேக்கறாங்க, பொதுவா 45 நிமிஷப் பாடத்துக்கு ஒரு தடவை 15 நிமிஷம் வெளில விளையாட விட்டுடறாங்க. நம்ம ஊர்லயும் இந்த யோசனை இல்லாம இல்ல, சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல 2003லயே செயல்வழிக் கற்றல் வந்து பிள்ளைங்க பாய்ல உக்காந்து அட்டையை எடுத்துத் தானா படிச்சாங்க, சுவத்துல கைக்கு எட்டற உயரத்துல அவங்களுக்குன்னே கரும்பலகை வெச்சாங்க. இப்ப அரசுப் பள்ளிகள்ல 2022ல இருந்து நடக்கற எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைக்கு எவ்வளவு தெரியுமோ அங்க இருந்துதான் ஆரம்பிக்கறாங்க. உங்க பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளில ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வாங்க, மாத்தறதும் மாத்தாததும் அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.

டியூஷன் வேண்டாம். காலைல இருந்து உக்காந்து உக்காந்து வந்த பிள்ளையை சாயந்தரமும் உக்கார வெச்சா இருக்கற கொஞ்ச ஆசையும் போயிரும். அந்த நேரத்துல தெருவுல விடுங்க, கோலி சுண்டறதும் பம்பரத்துக்குக் கயிறு சுத்தறதும் விரலுக்கு நல்ல பயிற்சி, எழுதற கைக்கு அது கட்டாயம் வேணும். ராத்திரி சாப்பிட்டப்புறம் பத்து நிமிஷம் அவங்கப்பா பக்கத்துல உக்காந்து ஏதாவது படிச்சுக் காட்டட்டும், பேப்பர்ல வர்ற லாரி விளம்பரமா இருந்தாலும் சரி. படிக்கறது அம்மாவும் அக்காவும் செய்யற வேலைன்னு பையன் நெனைச்சுட்டு இருப்பான், அப்பாவும் செய்வாருன்னு பாக்கட்டும்.

எல்லாத்துக்கும் முன்னாடி அரசு ஆஸ்பத்திரில கண்ணும் காதும் ஒரு தடவை காட்டிடுங்க. போர்டு மங்கலா தெரியறதை ஆறு வயசுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனைச்சுக்கும். அது சரியா இருந்து, இதெல்லாம் செஞ்சும் அடுத்த வருஷ அரையாண்டுக்குள்ள எழுத்துக் கூட்ட வரலன்னா டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைப் படிக்கறதுல வர்ற கற்றல் சிரமம், இருக்கான்னு பாக்கணும், அப்ப எனக்கு எழுதுங்க, யாரைப் பாக்கறது எங்க போறதுன்னு சேந்து விசாரிப்போம்.

அன்புடன்,
அக்கா