ராத்திரி மருந்தை நிறுத்திவிட்டேன், அக்கா

கேள்வி: அப்பாவுக்கு ஈரல் சுருங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து 19 நாள் ஆகிறது. ராத்திரி ஒரு ஆள்தான் கூட இருக்கலாம், அது நான்தான். பகலெல்லாம் தூங்குகிறார், ராத்திரி முழித்துக்கொண்டு என்னைக் கண்டபடி பேசுகிறார். படுக்கையிலேயே போய்விடுகிறது. லுங்கி மாற்றும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். தனியாகச் சமாளிக்க முடியாமல் மூன்று நாளாக ராத்திரி சிரப்பை ஊற்றவில்லை. நேற்று ‘செத்துத் தொலையேன்’ என்று கத்திவிட்டேன். அண்ணன்கள் இருவரும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் பாவியா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)
- பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: தங்கச்சி, கடிதம் வந்த அன்றே உனக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். உன்னைப் போல ஏதோ ஒரு வார்டு வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் யாராவது படிப்பார்கள்.

பாவ புண்ணியம் அப்புறம். முதலில் அந்த லாக்டுலோஸ் சிரப். வயிறு இளக மட்டும் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாய். ஈரல் படுத்துவிட்டால், அது கழிக்க வேண்டிய அம்மோனியா ரத்தத்தில் தங்கி மூளையைக் குழப்பும். பகல் தூக்கம், ராத்திரி முழிப்பு, ஏச்சுப் பேச்சு, கை உதறல் எல்லாம் அதனால் வரலாம். சிரப் அந்த நஞ்சை வயிற்று வழியாக வெளியேற்றுகிறது. நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போனால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். நிறுத்தினால் குழப்பம் கூடி நினைவே தப்பலாம். ரொம்பத் தண்ணியாகப் போனாலும் ஆபத்துதான், ஆனால் அளவைக் குறைப்பது டாக்டர் வேலை. மூன்று நாள் கொடுக்காததை ரவுண்ட்ஸில் ஒளிக்காமல் சொல்லச் சொன்னேன். சொன்னாயாம், டாக்டர் முறைத்தாராம். முறைக்கட்டும், அளவைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார் அல்லவா?

அப்பா உன்னைப் பேசியதில் பாதி நோயின் பேச்சு. மீதி, என் கணக்கில், கூச்சம். பெற்ற பெண் லுங்கி மாற்றிவிடுவதைத் தாங்க முடியாமல்தான் சுவரைப் பார்க்கிறார்.

இங்கேதான் உன் அண்ணன்கள் வேண்டும். பெரியவர் விசைப்படகில் போகிறவர் என்று எழுதியிருக்கிறாய். இது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் கட்டிக் கிடக்கிறது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து அரை மணி நேரம் நிற்கிறவருக்கு ராத்திரி என்ன வேலை? ‘ஆம்பளைக்கு இதெல்லாம் வராது’ என்பார். வலை பின்னுகிற கைக்கு லுங்கி மாற்ற வராதா?

ஆனால் ஒன்று, நீ அவரைக் கேட்டாயா? ‘நான் பாத்துக்கிறேன், நீ போண்ணா’ என்று உன் கடிதத்திலேயே நாலு இடத்தில் இருக்கிறது. இனி அந்த வார்த்தையை விடு. ‘கொஞ்சம் ஒத்தாசை பண்ணுண்ணா’ என்றும் இழுக்காதே. ‘திங்கள், புதன், வெள்ளி ராத்திரி உன்னோடது. செவ்வாய், வியாழன் சின்னண்ணன்’ என்று நாள் குறித்துச் சொல்.

சின்ன அண்ணி கொடுத்தனுப்பும் கருவாட்டுக் குழம்பும் வேண்டாம். உப்பு சேரச் சேர வயிற்றில் நீர் கட்டும். காசிமேட்டுக்காரரிடம் இதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை, என்ன செய்ய?

கத்தியதைப் பற்றி: 19 ராத்திரி தூங்காதவள் கத்துவாள். அப்பா தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, ‘தூக்கமில்லாம கத்திட்டேன்பா’ என்று சொல். அவருக்கு அது நினைவில்லாமலும் இருக்கலாம், பரவாயில்லை.

பெரியண்ணன் முதல் ராத்திரி வரும்போது சிரப் மூடியில் எந்தக் கோடு வரை ஊற்றுவது, ரப்பர் ஷீட் எங்கே, மாற்று லுங்கி எந்தப் பையில் என்று காட்டு. ரத்த வாந்தியோ, தார் மாதிரி கறுப்பாகப் போவதோ, எழுப்பினால் எழாத தூக்கமோ வந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடச் சொல். அப்புறம் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போ. போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் படு.