மந்திரமும் இயந்திரமும் மோதிக்கொள்ளும் வீடியோ கேம் எது? எப்படி ஆரம்பிப்பது?

டிராகனுக்குப் பக்கத்தில் ரோபோவை நிற்க வைத்த கேம்கள் ஏராளம். பெரும்பாலானவற்றில் அது வெறும் வேஷம்தான். அந்த மோதலையே விதியாக்கிய கேம் வேண்டுமென்றால் 2001இல் வந்த ஆர்கேனம். முதல் ஃபால்அவுட் கேமில் வேலை பார்த்த டிம் கெய்ன், லெனார்ட் பொயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் மூவரும் தொடங்கிய ட்ரோய்கா கேம்ஸ் நிறுவனத்தின் முதல் படைப்பு. நீராவி ரயிலும் துப்பாக்கியும் வந்துவிட்ட ஊரில் எல்ஃபும் குள்ளர்களும் வாழ்கிறார்கள்.

கேரக்டர் திரையில் ஒரு மீட்டர் இருக்கும். மந்திரம் கற்றால் ஒரு பக்கம், தொழில்நுட்பம் கற்றால் எதிர்ப்பக்கம் நகரும். இரண்டையும் கற்றால் நடுவிலேயே நிற்கும். மந்திரமும் நோஞ்சான், மந்திர வாளும் நோஞ்சான். புதியவர்கள் கவிழ்வது இங்கேதான். திறமைகளைக் கற்க ஆரம்பத்தில் கையில் இருப்பது 5 புள்ளி, பிறகு லெவலுக்கு 1, ஐந்தாவது லெவல்தோறும் 2. உச்சம் லெவல் 50. எனவே முதல் லெவலிலேயே பக்கத்தை முடிவு செய்யுங்கள்.

மந்திரவாதிக்கு வில்பவரை ஏற்றி, கறுப்பு நெக்ரோமான்சி என்ற மந்திரப் பிரிவின் முதல் மந்திரமான 'ஹார்ம்' எடுங்கள். அநியாயத்துக்கு வலுவானது, பாதி கேமை அது ஒன்றே இழுத்துவிடும். மந்திரம் போடப் போடக் குறையும் தெம்பான ஃபடீக் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், தீர்ந்தால் சண்டை நடுவே மயங்கி விழுவீர்கள்.

தொழில்நுட்பப் பக்கம் ஆரம்பத்தில் கஷ்டம். குண்டு வாங்கவே காசு கரையும். அதைவிடப் பெரிய சிக்கல், முதல் துணையான வர்ஜில் மந்திரத்தால்தான் காயம் ஆற்றுவான். உங்கள் மீட்டர் இயந்திரப் பக்கம் போகப் போக அவன் மந்திரம் உங்கள்மேல் பலிக்காது. மூலிகைத் துறையில் ஒரு படி கற்று, ஜிங்கா வேரையும் கடுரா தண்டையும் சேர்த்துக் களிம்பு செய்துகொள்ளுங்கள்.

பிளாக் மவுண்டன் சுரங்கத்தில் வரும் தாதுப் பாறை உருவங்களான 'ஓர் கோலெம்' (Ore Golem) அரக்கர்களை வாளால் வெட்டினால் வாள்தான் உடையும். மந்திரமோ வெடிகுண்டோ போதும், இல்லாவிட்டால் வெறுங்கை.

கேமை காக் (GOG) என்ற கேம் விற்கும் இணையதளத்தில் வாங்கி, புதிய ஆட்டம் தொடங்கும் முன்பே ரசிகர்கள் செய்த அதிகாரப்பூர்வமற்ற பேட்சை, அதாவது பிழைதிருத்தக் கோப்பைப் போடுங்கள். சண்டையை மாறி மாறி ஆடும் டர்ன்-பேஸ்டுக்கு மாற்றிவிடுங்கள், ரியல்-டைம் வெறும் கூச்சல்.

பழைய கிராஃபிக்ஸ் பிடிக்காவிட்டால் 2014இன் ஷேடோரன்: டிராகன்ஃபால். அதில் உடலில் இயந்திர உறுப்பு பொருத்தினால் எசென்ஸ் என்ற உயிர்ச்சத்து அளவு குறையும், மந்திரத்தை மறுபடி போடக் கூடுதல் சுற்று காத்திருக்க வேண்டும்.